சொந்தத்துத் திருமணமும் மாற்றுச் சிறுநீரகமும்



சிறுநீரக மாற்று பற்றிய கருத்தரங்குக்கு நெய்வேலி எதற்கு என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அறுவை சென்னையிலோ வேலூரிலோ புதுச்சேரியிலோ நடக்கலாம். அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கி, மாதந்தோறும் கிரியேட்டினின் பார்த்துக் காலம் தள்ளுவது இந்த ஊரின் வட்டங்களில்தான். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் எதிர்க்கும் ரிஜெக்ஷன் முதலில் தலைகாட்டுவதும் இங்கேதான். ஆகவே இடம் சரியான இடம்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே செய்த அறுவை வென்றதற்கு முதற்காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர் என்பது. மரபணு ஒன்றாக இருந்ததால் உடல் எதிர்க்கவில்லை. 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தபோது, உடன்பிறந்தார் பலர் உள்ள குடும்பங்கள் நம்மிடையே சாதாரணம். உடல் தன்னதையும் அந்நியத்தையும் பிரித்தறிய உதவும், 6ஆம் குரோமோசோமில் உள்ள ஹெச்.எல்.ஏ. மரபணுத் தொகுதி முழுதும் பொருந்த ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இன்று வீட்டுக்கு இரண்டு பிள்ளை, பலருக்கு ஒன்று. அந்த வாய்ப்பு குடும்பத்துக்குள்ளேயே சுருங்கிவிட்டது. பெற்றோரிடமிருந்து பாதிப் பொருத்தம் உறுதி. மனைவி கொடுத்தால் பெரும்பாலும் அதுவும் இல்லை.

'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம், நாம் தாய்மாமனையும் அத்தை மகனையும் மணக்கிற சமூகம்; மனைவியே ரத்த உறவாக இருந்து ஒரு தொகுதி பொருந்தவும் கூடும். இந்த வழக்கத்தின் விளைவு அடுத்த தலைமுறையிலும் தெரியும். தாய்மாமன் மணத்தில் பிறந்த பிள்ளைக்கு, எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்க 8இல் 1 வாய்ப்பு. அத்தை, மாமன் பிள்ளைகள் மணத்தில் 16இல் 1. இப்படி ஒரே ஹெச்.எல்.ஏ. தொகுதியை இரட்டையாகப் பெற்றவர் கொடையாளரானால், அத்தொகுதியில் ஒன்றை உடைய உறவினருக்கு அவர் தரும் சிறுநீரகத்தில் அந்நியமான ஹெச்.எல்.ஏ. ஏதுமில்லை. அவரே நோயாளியானால் கதை தலைகீழ். கொடையாளரின் இன்னொரு தொகுதி அவருக்கு முழுக்க அந்நியம்.

ஹெச்.எல்.ஏ.யோடு இது முடிவதில்லை. 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தலைமையில் வந்த ஆய்வு, லிம்ஸ்1 என்ற மரபணுவின் அருகே ஒரு துண்டு இரு பிரதியிலும் விடுபட்டவர்களைக் கவனித்தது. அத்துண்டு உள்ள கொடையாளரின் சிறுநீரகம் அவர்களுக்கு வைக்கப்பட்டபோது ரிஜெக்ஷன் ஆபத்து 63 விழுக்காடு கூடியிருந்தது. உடல் தன்னிடம் இல்லாத புரதத்தைப் பகையாகக் கொள்கிறது. இரு பிரதியிலும் ஒரே குறை அமைவது உறவுத் திருமணத்தில் பிறந்தவர்களிடம் கூடுதல் என்பதால், இதை மற்ற யாரையும்விட நாம்தான் ஆராய்ந்திருக்க வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் 1980களிலேயே தமிழ்நாட்டுச் சமூகங்களின் ஹெச்.எல்.ஏ. வகைகளை ஆராய்ந்து எழுதினார். அந்த அடித்தளத்தின்மேல் மாற்று அறுவைத் துறை கட்டியது போதாது.

மருந்தின் பக்கம் ஒன்று சொல்ல வேண்டும். ரிஜெக்ஷனைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தை உடைக்கும் சி.ஒய்.பி.3ஏ5 நொதி ஐரோப்பியரில் பெரும்பாலோருக்கு வேலை செய்யாது. இந்தியரிலோ ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது வேலை செய்கிறது. அவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தேவைப்படலாம். அளவைக் கண்டுபிடிக்கும் முதல் வாரங்களில் மருந்து ரத்தத்தில் குறைந்து கிடந்தால், ரிஜெக்ஷனுக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். இந்த நொதியின் மரபணுவைப் பார்ப்பது வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதுமான சோதனை. "மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா?" என்று நோயாளியை அதட்டுமுன் இதைப் பார்த்திருக்கிறோமா? (ஒழுங்காகப் போடாதவர்களும் உண்டு, அவர்களுக்கு மரபணுவைச் சாக்காகத் தர நான் தயாரில்லை.)

பிள்ளை பெற்ற தாய்க்குக் கணவரோ பிள்ளையோ கொடுக்கும்போது, கணவரின் ஹெச்.எல்.ஏ.வுக்கு எதிராகக் கர்ப்பத்தில் உருவான எதிர்ப்பொருள்கள் காத்திருக்கலாம் என்பதை இங்குள்ளோர் அறிவீர்கள். அதை விரிக்கவில்லை.

கட்டுரை வாசிக்க வந்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். ஐரோப்பிய, அமெரிக்கப் புள்ளிவிவரங்களை நாங்கள் படித்துவிட்டோம். உங்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்லுங்கள். கொடுப்பவர், பெறுபவர் இருவரின் மரபணு மாதிரியையும் ஒப்புதலோடு சேமியுங்கள். குடும்ப வரலாற்றுப் படிவத்தில் "பெற்றோர் சொந்தமா?" என்ற கேள்வியைச் சேருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைக்கு இடமுண்டு. மருந்தளவு தீர்மானிக்கும் இந்த மரபணுச் சோதனைக்கும் அதில் இடம் கேட்டு இந்த அவை தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று முன்மொழிந்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.