ஆடுற லைட்டை எப்படி நிறுத்துறது?

இன்னைக்குப் பேசப் போறதும் கோடிங் பத்திதான். ஆனா சர்வர்ல ஓடுற கோடிங் இல்ல, மேடைக்கு மேல தொங்குற லைட்டை ஆட வைக்கிற கோடிங்.

முதல்ல நான் சொதப்பின கதையைச் சொல்லிடுறேன். லைட்டிங் டிசைன் பண்ற அண்ணன் ஒருத்தருக்கு சில வார இறுதிகள்ல உதவிக்குப் போவேன். சென்னையில ஒரு சின்ன ஹால், நடன நிகழ்ச்சி, பின்பக்கக் கம்பியில எட்டு மூவிங் ஹெட் லைட். "நீதான் இன்ஜினியர் ஆச்சே தம்பி, இந்த ஒரு பாட்டுக்கு எஃபெக்ட் நீயே போடு"ன்னு கன்சோலை என் கையில கொடுத்துட்டார். பாட்டு முடியுற இடத்துல தாளம் உச்சத்துக்குப் போய் சட்டுனு நின்னுடும். ஆடுறவங்க மேடை நடுவுல அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடுவாங்க. அதுக்கப்புறம் முழு அமைதி. நிகழ்ச்சியோட உயிரே அந்த அமைதிதான். வாரக்கணக்கா அதுக்காக ஒத்திகை பார்த்திருந்தாங்க.

அங்கே என்ன ஆச்சுன்னு புரியணும்னா, லைட் எப்படி ஆடுதுன்னு கொஞ்சம் தெரியணும்.

மூவிங் ஹெட்டுக்கு இரண்டு அச்சு. பக்கவாட்டுல சுத்துறது பேன், மேலும் கீழும் சாயுறது டில்ட். கன்சோல் இதுக்கெல்லாம் வெறும் எண்கள்தான் அனுப்புது. டிஎம்எக்ஸ் 512-னு ஒரு நெறிமுறை, 1986-ல வந்தது, இன்னைக்கும் ஓடிட்டிருக்கு. ஒரு கேபிள்ல 512 சேனல், ஒவ்வொண்ணுலயும் 0-லேர்ந்து 255 வரைக்கும் ஒரு எண். அவ்வளவுதான். நம்ம ஆபீஸ்ல யாராவது இப்படி ஒரு ஏபிஐ எழுதினா கோட் ரிவ்யூல கிழிச்சிருப்பாங்க.

ஒரு லைட்டோட பேன் 540 டிகிரி வரைக்கும் சுத்தும்னு வைங்க. அதை 256 படியா வெட்டினா ஒரு படிக்கு இரண்டு டிகிரிக்கு மேல. 20 மீட்டர் தள்ளி இருக்கிற சுவர்ல அது முக்கால் மீட்டர் தாவல்! மெதுவா நகர்ற லைட் படிக்கட்டுல இறங்குற மாதிரி தெரியும். அதனாலதான் பேனுக்கும் டில்ட்டுக்கும் இரண்டிரண்டு சேனல் கொடுக்கிறாங்க, ஒண்ணு பெரிய நகர்வுக்கு, இன்னொண்ணு நுணுக்கத்துக்கு. இரண்டும் சேர்ந்தா 65,536 படி. அதே சுவர்ல தாவல் மூணு மில்லிமீட்டருக்குக் குறைஞ்சிடும்.

இப்போ எஃபெக்ட். நான் முதல்ல நினைச்சது, இங்க ஒரு பொசிஷன், அங்க ஒரு பொசிஷன்னு வரிசையா சேமிச்சு ஓட விடுவாங்கன்னு. அப்படியும் செய்யலாம், ஆனா கன்சோல்ல இருக்கிற எஃபெக்ட் என்ஜின் அடிப்படையில ஒரு சைன் வேவ். பேனுக்கு ஒரு அலை, டில்ட்டுக்கு அதே அலையை 90 டிகிரி தள்ளி இன்னொண்ணு. பிளஸ் டூல படிச்சீங்களே, காஸ் தீட்டா, சைன் தீட்டா, அதேதான். லைட் வட்டம் போட ஆரம்பிச்சிடும்.

எட்டு லைட்டும் ஒரே நேரத்துல ஒரே வட்டம் போட்டா உடற்பயிற்சி வகுப்பு மாதிரி இருக்கும். ஃபேஸை மாத்தணும். 360-ஐ எட்டால வகுத்தா 45. முதல் லைட் 0, அடுத்தது 45, அதுக்கடுத்தது 90. இப்போ அதே வட்டம் கடல் அலை மாதிரி ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனைக்குப் போகும். புதுசா எந்த பொசிஷனும் போடல, நேரத்தைத் தள்ளி விட்டோம், அவ்வளவுதான். ஒரு விஷயம், லைட்டை எந்த வரிசையில செலக்ட் பண்றீங்களோ அந்த வரிசையிலதான் ஃபேஸும் பிரியும். கலைச்சு செலக்ட் பண்ணா அலையும் கலைஞ்சு போகும். சில சமயம் அதுவே அழகா இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பக் ஒண்ணு. லைட் நேரா தரையைப் பார்த்துத் தொங்கும்போது வட்டம் போடச் சொல்லுங்க. வட்டம் வராது, மெலிஞ்ச ஒரு 8 வரும். நேர் கீழே பார்க்கும்போது பேன் சுத்தினா ஒளி இடம் மாறாது, அதே இடத்துல தன்னைத்தானே சுத்திக்கும். டில்ட் நடுப்புள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவைன்னு போறதால வட்டம் நடுவுல முறுக்கிக்குது. ரோபோ கை புரோகிராம் பண்றவங்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானதுதான்.

சரி, ஹாலுக்கு வரேன். 14-ஆம் கியூல வட்ட எஃபெக்ட்டை ஆரம்பிச்சிருந்தேன். 15-ஆம் கியூ அந்த அமைதி. முன்பக்கம் ஒரு ஸ்பாட், பின்பக்க எட்டு லைட்டையும் பாதியா மங்க வைக்கணும். வெளிச்சத்தை மட்டும் மாத்தி சேமிச்சேன். கன்சோல்ல டிராக்கிங்னு ஒண்ணு இருக்கு. ஒரு கியூ, மாறினதை மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கும். மாத்தாதது எல்லாம் முந்தின கியூலேர்ந்து அப்படியே தொடரும். நான் எஃபெக்ட்டை நிறுத்தச் சொல்லவே இல்ல. ஜாவாஸ்கிரிப்ட்ல இன்டர்வெல் போட்டுட்டு அதை கிளியர் பண்ண மறந்த அதே தப்பு. ஒத்திகையில எங்க பகுதியை வேகமா ஓட்டினதால யாரும் கவனிக்கல.

பாட்டு நின்னுச்சு. அவங்க உட்கார்ந்தாங்க. பின்னாடி எட்டு லைட்டும் கல்யாண ரிசப்ஷன் மாதிரி சுத்திட்டிருக்கு.

நான் பதறிப்போய் எஃபெக்ட்டை ஆஃப் பண்ணிட்டேன். அது இன்னும் மோசம். சைன் வேவ் திடீர்னு போச்சுன்னா எட்டு லைட்டும் ஒரே சமயத்துல பேஸ் பொசிஷனுக்குத் தாவும். அந்த அமைதியில எட்டு ஜோடி மோட்டார் சத்தம், 'கர்ர்ர்க்'னு. ஒளி பார்வையாளர் முகத்துல ஒரு வெட்டு வெட்டிட்டுப் போச்சு. மேடையில அவங்க கண்ணைத் திறந்து மேல பார்த்துட்டாங்க. அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கல.

நிகழ்ச்சி முடிஞ்சதும் அண்ணன் திட்டல. "எந்த கியூல நிறுத்தின?"ன்னு மட்டும் கேட்டார். எந்த கியூலயும் இல்லண்ணான்னேன். பக்கத்துல உட்கார வெச்சுக் காட்டினார். எஃபெக்ட்டோட சைஸை நாலு செகண்ட்ல பூஜ்யத்துக்குக் கொண்டு வரணும். வட்டம் சுருங்கிச் சுருங்கி, பம்பரம் சாயுறதுக்கு எதிர்ப்பதமா, தானா நிலைக்கு வரும். சத்தமே இருக்காது. இல்லன்னா முதல்ல வெளிச்சத்தை முழுசா அணைச்சுட்டு, இருட்டுல நகர்த்தி, அப்புறம் ஏத்தணும். இருட்டுல நகர்றதுக்குன்னு கன்சோல்லயே தனி வசதி இருக்கு, அடுத்த கியூல லைட் எங்க நிக்கணுமோ அங்க முன்னாடியே போய் காத்திருக்கும். மோட்டார் சத்தம் அப்பவும் இருக்கும், அதனால அதைப் பாட்டு ஓடும்போதே செஞ்சுடணும்னார்.

மறுநாள் இரண்டாவது காட்சி. 14-க்கும் 15-க்கும் நடுவுல 14.5-னு ஒரு கியூ போட்டேன். கடைசி நாலு செகண்ட் தாளத்தோடயே வட்டம் சுருங்கும். காட்சிக்கு முன்னாடி அவங்ககிட்ட போய் நேத்து நடந்தது என் தப்புன்னு சொன்னேன். "இன்னைக்கு நான் கண்ணைத் திறக்க மாட்டேன், நீங்க பார்த்துக்கோங்க"ன்னாங்க. திறக்கல.

உங்களுக்கு விளையாடிப் பார்க்கணும்னா கன்சோல் தேவையில்ல. கியூஎல்சி பிளஸ்னு இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கு. அதுல ஈஎஃப்எக்ஸ்னு ஒரு பகுதி, வட்டம், எட்டு, லிசாஜு எல்லாம் திரையிலயே ஓடும். ஃபேஸை மாத்திப் பாருங்க. ஏதாவது வேடிக்கையா வந்தா எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.