மருந்தும் மலைக்குழந்தையும்



ஒரு நோய்க்குத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டால் அந்நோயின் கதை முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நம் பாடநூல்களும் ஏறக்குறைய அவ்வாறே எழுதுகின்றன. கண்டுபிடித்தவர் இன்னார், ஆண்டு இன்னது என்று சொன்னவுடன் பாடம் நிறைவெய்திவிடுகிறது. ஆனால் மருந்து பிறப்பது ஒன்று. அது ஒரு குழந்தையின் உடலிற் சேர்ந்து பயன் தருவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்த்த குழந்தை மருத்துவர் ஒருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் டி. ஜேக்கப் ஜான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

வேலூருக்குத் தென்மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் விரிந்து கிடக்கிறது. அம்மலையின் அடிவாரத்துப் பள்ளிகளில் ஆசிரியப்பணி செய்தவன் நான். பணியேற்ற புதிதில், காலில் இரும்புத் தாங்கு அணிந்தோ, முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டோ நடந்து வரும் பிள்ளைகளை வகுப்புக்கு ஒருவராவது கண்டேன். ஓய்வு பெற்ற ஆண்டில் அத்தகைய பிள்ளை ஒருவரும் என் பள்ளியில் இல்லை. இந்த மாற்றம் தானாக வந்ததன்று.

இளம்பிள்ளை வாதம் ஒரு வைரஸால் வருவது. அது வாய்வழியே உடலுட் புகுந்து குடலிற் பெருகுகிறது. தொற்றுக்கு ஆளான ஏறத்தாழ 200 குழந்தைகளில் ஒருவருக்கு நரம்பைத் தாக்கிக் கைகால்களை முடக்கிவிடுகிறது. முடங்கியதை மீட்க மருந்து இல்லை. வராமற் காக்கவே இயலும். 1955-இல் அமெரிக்காவில் ஜோனஸ் சால்க்கின் ஊசி மருந்து வந்தது. சில ஆண்டுகளில் ஆல்பர்ட் சாபினின் சொட்டு மருந்தும் வந்தது. ஊசி வேண்டாம், விலையும் குறைவு. மூன்று முறை சொட்டு விட்டால் போதும் என்பது மேனாடுகளின் அனுபவம்.

வேலூரில் அனுபவம் வேறாக இருந்தது. மூன்று முறை சொட்டு மருந்து பெற்ற குழந்தைகளிலும் சிலர் கால் முடங்கி மருத்துவமனைக்கு வந்தனர். இதற்கு எளிதாகச் சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. தாய் ஒழுங்காகக் கொண்டுவரவில்லை எனலாம். வெயிலில் மருந்து கெட்டுவிட்டது எனலாம். ஜேக்கப் ஜான் அவற்றோடு அமைதி கொள்ளவில்லை. மருந்து கொடுக்குமுன்னும் கொடுத்தபின்னும் குழந்தைகளின் குருதியைச் சோதித்து, எதிர்ப்பாற்றல் உண்டாயிற்றா என்று பார்த்தார். நல்ல மருந்தையே, முறையாகவே கொடுத்தும், பல குழந்தைகளுக்கு மூன்று தவணையில் போதிய எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை. குடலில் உள்ள வேறு வைரஸ்கள் இடையூறு செய்கின்றனவோ என்பது அக்காலத்து ஐயம். அதையும் ஆராய்ந்தார், அது காரணமாகத் தோன்றவில்லை. உடன் உழைத்த ஜெயபாலோடு சேர்ந்து இம்முடிவுகளை 1972-இல் வெளியிட்டார்.

குற்றம் தாயிடம் இல்லை, குழந்தையிடமும் இல்லை. குளிர்நாட்டுக் குழந்தைக்கு வகுத்த கணக்கு வெப்பநாட்டுக் குழந்தைக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. கணக்கு பொருந்தவில்லையென்றால் கணக்கைத்தானே மாற்ற வேண்டும்? தவணைகளைக் கூட்டினால் பயனும் கூடுகிறது என்று அவர் காட்டினார்.

அடுத்து ஒரு வழியைக் கையாண்டார். ஓர் ஊரிலுள்ள சிறு குழந்தைகள் அனைவருக்கும் சில நாட்களுக்குள் ஒருசேர மருந்து கொடுப்பது; இடைவெளி விட்டு மீண்டும் அவ்வாறே கொடுப்பது. அப்போது நோய் வைரஸ் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தாவ இடமின்றிப் போகும். கியூபா நாடு 1962 முதல் இம்முறையைப் பின்பற்றியிருந்தது. வேலூர் நகரில் இதனால் நோய் கட்டுக்குள் வந்த செய்தியை அவரும் தோழர்களும் 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். இதே நெறி 1994-இல் தில்லியிலும், 1995-இல் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டது. சொட்டு மருந்து நாள் என்று நீங்கள் அறிந்திருப்பது அதுதான். 2011 சனவரி 13-இல் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த இறுதி இளம்பிள்ளை வாதம். 2014 மார்ச் 27-இல் நம் பகுதி அந்நோயற்றது எனச் சான்று பெற்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொட்டு மருந்தில் உள்ளது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். மிக அரிதாக அதுவே வாதத்தை உண்டாக்குவதுண்டு. அதை மறைக்காமல் எண்ணிக் கணக்கிட வேண்டும் என்று ஜேக்கப் ஜான் வெளிப்படையாக எழுதினார்; ஊசி மருந்தையும் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார். 2015-இல் அரசுத் திட்டத்தில் ஊசி மருந்தும் சேர்ந்தது. மருந்தின் நன்மையைப் போற்றுகிறவனே அதன் தீமையையும் எண்ணிச் சொல்ல வேண்டும். மக்களின் நம்பிக்கை அப்படித்தான் நிலைக்கும்.

ஊரறிந்து கணக்கிடும் இவ்வழக்கம் ஒரு நோயோடு நின்றுவிடவில்லை. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு இந்தியாவில் உருவான மருந்தை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்றிடங்களில் 6,799 குழந்தைகளிடம் ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். அதன் முன்னோடி தில்லிக் குழந்தை மருத்துவர் எம். கே. பான். கடும் நோயில் பாதிக்குச் சற்று மேலானதையே அது தடுக்கிறது. ஆயினும் அந்த அளவு தெரிந்ததனாலன்றோ துணிந்து ஏற்க முடிந்தது? 2017 முதல் தமிழகத்துக் குழந்தைகளுக்கும் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசால் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது.

இனி மலைக்கு வருவோம். தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் காக்க வேண்டும். ஜமுனாமரத்தூர் வரை வண்டி செல்லும். அதற்கப்பால், சாமைக் கொல்லைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் சிலவற்றுக்குப் பனிக்கட்டி வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு சுகாதாரச் செவிலியர் நடந்தே செல்லக் கண்டிருக்கிறேன். அவர் சென்று சேரும் நாளில், தாய்தந்தையர் வேலை தேடி அயல் மாநிலத்துக்குச் சென்றிருப்பார்கள். குழந்தையும் உடன் சென்றிருக்கும். பதிவேட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். இம்மலைத்தொடரிலேயே காவலூரில் பெரிய தொலைநோக்கி ஒன்று உண்டு. எத்தனையோ கோடிக் கல் தொலைவிலுள்ள விண்மீனைக் காண்கிறோம். பக்கத்துக் குன்றிலுள்ள குழந்தைக்கு ஒரு தவணை தவறியதைக் காணாமலிருக்கலாமா?

மாணவர்களே! உங்கள் வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் அவர்களுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தவறிய தவணை இருந்தால் பெற்றோருக்குச் சொல்லுங்கள். காலந்தாழ்ந்தாலும் கொடுக்கத்தக்கவை பல உண்டு. உங்களுள் மருத்துவராக வருவோர்க்கு ஒரு சொல். மருந்து பலிக்கவில்லையென்றால், ஏழைத் தாயைக் கடிந்துகொள்வதற்கு முன், ஜேக்கப் ஜான் செய்ததுபோலச் சோதித்துப் பாருங்கள். வெறுமையாகக் கிடக்கும் அந்தக் கட்டங்களை நிரப்பும் வேலை இன்னும் மீதம் இருக்கிறது.