மர வாங்கிலிருந்து பார்க்கும் ஸ்கேற்றிங்



ஃபிகர் ஸ்கேற்றிங்கை நம்மில் பலர் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறோம். குளிர்கால ஒலிம்பிக் வரும்போது தொலைக்காட்சியைப் போட்டு, யார் விழுந்தார், யார் விழவில்லை என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறோம். அந்தக் கலை உண்மையில் எப்படிப்பட்டது என்று அறிய வேண்டுமானால் போக வேண்டிய இடம் வேறு. நகரசபை அரீனாவுக்குப் போங்கள். ஹொக்கிப் பிள்ளைகள் பெரிய பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பிறகு, அதே ஐஸில் தொழில்முறை ஸ்கேற்றர்கள் பயிற்சிக்கு இறங்குவார்கள். அந்த நேரத்தில் மர வாங்கில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் போட்டியையும் விட அந்தப் பயிற்சி உயர்ந்த அனுபவம் என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவது, வேகம். தொலைக்காட்சியில் கமரா ஸ்கேற்றரோடு சேர்ந்தே திரும்புகிறது. அவர் எப்போதும் திரையின் நடுவில்தான் நிற்பார். பின்னால் விளம்பரப் பலகைகள் மட்டும் நகரும். அறுபது மீற்றர் நீளமான தளத்தை ஒருவர் எத்தனை உதைப்பில் கடக்கிறார் என்பது அதில் தெரியாது. வாங்கில் இருக்கும்போது தெரியும். எதிர் மூலையில் நின்றவர் நாலைந்து உதைப்பில் உங்கள் முன்னால் வந்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி வளைந்து போவார். அவர் போன பிறகு குளிர்காற்று வந்து முகத்தில் அடிக்கும்.

இரண்டாவது, ஓசை. வானொலிக்காரர்களாகிய எங்களுக்கு இது முக்கியம். போட்டியில் இசை எல்லாவற்றையும் மூடிவிடும். பயிற்சியில் இசையில்லாத இடைவெளிகள் உண்டு. அப்போதுதான் பிளேட் பேசுவது கேட்கும்.

அந்தப் பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சப்பாத்தின் கீழே இருக்கும் அந்த இரும்பு ஏறக்குறைய நான்கு மில்லிமீற்றர் அகலம். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவே குழியாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் பிளேட்டுக்கு இரண்டு விளிம்புகள்: உள் விளிம்பு, வெளி விளிம்பு. உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு விளிம்பு மட்டும் ஐஸைக் கடிக்கும். ஸ்கேற்றர் வட்டமாக வளைந்து போவார். எவ்வளவு ஆழமாகச் சாய்கிறாரோ அவ்வளவு இறுக்கமான வளைவு. முன்னால் போகலாம், பின்னால் போகலாம், வலது கால், இடது கால், உள், வெளி. ஆக எட்டு விளிம்புகள். ஃபிகர் ஸ்கேற்றிங்கில் நீங்கள் பார்க்கிற அத்தனையும் இந்த எட்டிலிருந்து பிறப்பவைதான்.

பழகாதவர் ஓடினால் கரகரவென்று சுரண்டல் கேட்கும். தேர்ந்தவர் ஓடினால் அந்தச் சுரண்டல் இல்லை. தையல்காரர் கத்தரிக்கோலை மூடாமல் துணியில் நேரே ஓட்டிக்கொண்டு போகும்போது எழுகிற சத்தம் இருக்கிறதே, அப்படி ஒரு நீண்ட, அடங்கிய கீற்றொலி. விளிம்பு ஐஸில் முழுதாக இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் பெரிய ஆள் என்று சொல்லிவிடலாம். சில அமர்வுகளுக்குப் போன பிறகு உங்களாலும் முடியும்.

கனடாவின் பற்றிக் சானை எடுத்துக்கொள்ளுங்கள். 2011, 2012, 2013 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலகச் சம்பியன். அவருடைய விளிம்புகளைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். சிறு வயதில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒஸ்போர்ன் கோல்சன் என்ற முதியவர், 1930களில் கனடாவின் தேசியச் சம்பியனாக இருந்தவர். பாய்ச்சல்களுக்கு முன்னால் விளிம்புப் பயிற்சி என்பது அவருடைய பிடிவாதம். உந்து, சாய், வளை, மறுகாலில் மாறு; திரும்பத் திரும்ப அதுதான். ஒரு சிறுவனுக்கு அது எவ்வளவு சலிப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் சான் ஓடும்போது கால் உதைப்பதே தெரியாமல் வேகம் மட்டும் கூடிக்கொண்டு போகும். அந்தச் சலிப்பான மணித்தியாலங்கள் செய்த வேலை அது.

இந்த விளிம்புகளுக்காகவே ஒரு காலத்தில் தனிப் போட்டி இருந்தது. ஐஸில் வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் பிளேட்டால் வரைய வேண்டும். அதே கோட்டின்மேல் திரும்பவும் போக வேண்டும். நடுவர்கள் ஐஸில் இறங்கிக் குனிந்து கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். 1968 வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் அதற்குத்தான். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஒஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் சூபா இந்தக் கோடுகளின் பலத்தால் தங்கம் வென்றார். இசைக்கு ஆடும் சுதந்திர ஆட்டத்தில் அவருக்கு ஏழாவது இடம். அதில் முதலாவதாக வந்த அமெரிக்காவின் ஜனெற் லின்னுக்குக் கடைசியில் வெண்கலம்தான். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு இது விளங்கவில்லை. கடைசியில் 1990 உலகப் போட்டியோடு, கனடாவின் ஹாலிபக்ஸ் நகரில், அந்தப் பிரிவை முடித்து வைத்தார்கள்.

போட்டியிலிருந்து எடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கானோர் அரங்கத்தில் இருந்து ஒரு கோட்டைப் பார்த்து ரசிக்க முடியாது. ஆனால் போட்டியில் இல்லாததற்குப் பயிற்சியில் எதற்கு நேரம் என்று பலர் விட்டுவிட்டார்களே, அது பெரிய இழப்பு. விடாதவர்களும் இருக்கிறார்கள். ரொறன்ரோவில் பிரையன் ஓசரும் ட்ரேசி வில்சனும் நடத்திய பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து விளிம்புகளில் ஓடும் வகுப்பு இருந்தது. அதைக் கவனித்தவர் வில்சன். உலகச் சம்பியனாக வந்தாலும் அதே ஓட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

நீங்களும் அந்தப் பழைய நடுவர்களைப் போலக் கோட்டைப் படிக்கலாம். ஐஸைப் புதுப்பிக்கும் ஸம்போனி வண்டி ஓடி முடிந்து, தளம் கண்ணாடியாக இருக்கும்போது முதலில் இறங்குபவரைக் கவனியுங்கள். அவர் கடந்த பிறகு தடுப்புக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் கோட்டைப் பாருங்கள். ஒற்றைக் கோடு என்றால் விளிம்பில் போயிருக்கிறார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் என்றால் இரண்டு விளிம்பும் ஐஸில் பட்டிருக்கின்றன, சாய்வு போதவில்லை. ஃபிகர் ஸ்கேற்றிங்குக்கு ஹொக்கியை விடக் கொஞ்சம் மிருதுவான ஐஸ் வேண்டும், அதனால் தளத்தைச் சற்றுக் குறைவாகக் குளிர்விப்பார்கள். சுழியத்துக்குக் கீழே மூன்று நான்கு பாகை போதும். விளிம்பு இறங்க அது இடம் கொடுக்கும். கோடும் நன்றாகப் பதியும்.

இனிப் பாய்ச்சல்கள். நான்கு சுற்றுப் பாய்ச்சலில் ஒருவர் காற்றில் இருக்கும் நேரம் ஒரு வினாடிகூட இல்லை. ஏறக்குறைய முக்கால் வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒற்றைக் காலில், பின்னோக்கி, உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசையோடு இறங்க வேண்டும். போட்டியில் ஒருவர் விழுந்தால் ஐயோ என்கிறோம். பயிற்சியில் விழுவது அன்றாட வேலை. எழும்பி, தொடையில் ஒட்டிய ஐஸ் தூளைத் தட்டி, ஒரு வட்டம் ஓடி, அதே இடத்துக்கு வந்து திரும்பப் பாய்வார்கள். திரும்ப விழுவார்கள். விழுவதிலும் ஒரு கல்வி இருக்கிறது: கையை ஊன்றாமல், உடலை இறுக்காமல், இடுப்பில் இறங்கி வழுக்கிப் போய்விட வேண்டும். விழுவதைவிட மோசமானது பயந்து பாதியில் கையை விரித்துவிடுவது. நாலு சுற்று ஒரு சுற்றாகச் சுருங்கிப்போகும். பயிற்சியாளர்கள் விழுந்தவரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இப்படிக் கைவிரித்தவரைத்தான் கூப்பிட்டுப் பேசுவார்கள்.

ஜப்பானின் யுசுரு ஹான்யூவின் கதை எல்லோரும் அறிந்தது. 2011 மார்ச்சில் சென்டாய் நகரில் அவர் பயிற்சியில் இருந்தபோது பூமி அதிர்ந்தது; ஸ்கேற் சப்பாத்தோடேயே வெளியே ஓடினார். அந்தத் தளம் மூடப்பட்டது. ஊர் ஊராகக் காட்சி நிகழ்ச்சிகளில் ஆடி, அங்கு கிடைத்த ஐஸில் பழகினார். பிறகு ரொறன்ரோவுக்கு வந்து, 2014இலும் 2018இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அதற்குப் பிறகும் அவரைப் பயிற்சிக்கு இழுத்தது நாலரைச் சுற்று அக்ஸல் என்ற பாய்ச்சல். முன்னோக்கிப் பாய்ந்து பின்னோக்கி இறங்குவதால் அக்ஸலுக்கு மற்றவற்றை விட அரைச் சுற்று அதிகம். 2022 பெய்ஜிங்கில் அதை முயன்றார், விழுந்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் லேக் பிளாசிட் போட்டியில் இலியா மலினின் என்ற அமெரிக்க இளைஞர் அதை முதன்முதலாகச் சுத்தமாக இறக்கினார். சாதனைப் பட்டியலில் மலினின் பெயர் இருக்கிறது, இருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது தங்கத்துக்குச் சுலபமான வழி இருந்தும், யாரும் இறக்காத ஒரு பாய்ச்சலுக்காக விழுந்து விழுந்து பழகிய அந்த வருடங்களை நான் அதற்குக் குறைவாக மதிக்கவில்லை.

மொன்றியலில் இருக்கிற நமக்கு இன்னொரு பெருமை உண்டு. லசீன் கால்வாய்ப் பக்கம், டர்கோ நெடுஞ்சாலைச் சந்திப்புக்கு அருகில் காட்போவா என்ற நகரசபைப் பொழுதுபோக்கு நிலையம் இருக்கிறது. மரி-பிரான்ஸ் டுப்ரேய், பற்றிஸ் லோசோன், ரோமன் ஹகனோவர் மூவரும் தங்கள் ஐஸ் நடனப் பள்ளியை அங்கேதான் வளர்த்தெடுத்தார்கள். பிரான்ஸிலிருந்து கப்ரியெல்லா பப்பதாக்கிஸும் கீயோம் சிசெரோனும் 2014இல் வந்தார்கள். ஓய்விலிருந்து திரும்பிய நம் டெசா வெர்ச்சூவும் ஸ்கொட் மொய்ரும் 2016இல் வந்தார்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் வெர்ச்சூ, மொய்ருக்குத் தங்கம். பப்பதாக்கிஸ், சிசெரோனுக்கு வெள்ளி. வித்தியாசம் 0.79 புள்ளி. உலகின் முதல் இரண்டு சோடிகளும் ஒரே பள்ளி, ஒரே பயிற்சியாளர்கள். நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில் பிரெஞ்சுச் சோடி தங்கத்தை எடுத்தது.

போட்டியாளர்கள் ஒரே ஐஸில் எப்படிப் பழகுவது? அதற்குத்தான் பயிற்சித் தளத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருடைய இசை ஒலிக்கிறதோ அவருக்கு வழி. மற்ற எல்லோரும் விலக வேண்டும், அவர் யாராக இருந்தாலும். சில இடங்களில் இசைக்குரியவர் இடுப்பில் நிறப்பட்டி கட்டியிருப்பார். இசை முடிந்ததும் அந்த உரிமை அடுத்தவருக்குப் போகும். ஒலிம்பிக் சம்பியன் ஒருவர் பதினான்கு வயதுப் பிள்ளைக்காகச் சுவரோரம் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். எழுதப்பட்ட சட்டத்தை விட இறுக்கமாக இதைக் கடைப்பிடிக்கிறார்கள். இருபது பேர் வேகமாகப் பின்னோக்கி ஓடுகிற தளம். இது இல்லாவிட்டால் எலும்பு முறியும்.

ஐஸ் நடனச் சோடிகளைப் பயிற்சியில் பார்ப்பது தனிச் சுகம். தலைக்கு மேலே தூக்குவது அவர்களுக்கு அனுமதியில்லை, பெரிய பாய்ச்சல்கள் இல்லை. ஆகவே தொலைக்காட்சியில் சுலபம்போலத் தெரியும். கிட்ட இருந்து பாருங்கள். இரண்டு பேர் ஒரு முழ இடைவெளியில், ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே ஓடுகிறார்கள். நான்கு பிளேட்டுகள். ஒருவர் அரை நொடி பிந்தினால் மற்றவரின் காலில் இரும்பு ஏறும். டுப்ரேய்க்கு இந்தக் கலையின் ஆபத்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 2006 தூரின் ஒலிம்பிக்கில் ஒரு தூக்கலிலிருந்து விழுந்து, காயத்தால் போட்டியை விட்டு விலகியவர் அவர். அதோடு ஓய்ந்துவிடவில்லை. அதே வசந்தத்தில் கல்கரியில் லோசோனோடு உலக வெள்ளி வென்றார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முன்மேசையில் நேர அட்டவணையைக் கேளுங்கள். பார்வையாளரை அனுமதிக்காத அமர்வு என்றால் வற்புறுத்த வேண்டாம். அது அவர்களுடைய வேலைத்தளம். தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். பாதி வெந்த முயற்சியை உலகத்துக்குக் காட்டும் உரிமை நமக்கு இல்லை. விழுந்தால் பரிதாபச் சத்தம் எழுப்ப வேண்டாம். தடித்த மேலங்கியும், குடுவையில் சூடான கோப்பியும் எடுத்துப் போங்கள். பரதம் பழகுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். முழங்காலை மடித்து வைத்திருப்பதைப் பற்றி அவர்களுடைய ஆசிரியை சொல்லுவதையே இங்கும் பயிற்சியாளர்கள் சத்தமாகச் சொல்லுவார்கள்.

எங்கே உட்காருவது என்றால், மேல் வரிசையில் வேண்டாம். கீழே, மூலைக்குப் பக்கத்தில். லுட்ஸ் என்ற பாய்ச்சலுக்குப் பெரும்பாலும் ஒரு மூலையை நோக்கித்தான் நீண்ட தூரம் பின்னோக்கி வருவார்கள். இடது காலின் வெளி விளிம்பில் நின்று, வலது கால் பிளேட்டின் நுனியிலுள்ள பற்களைக் குத்தி எழும்ப வேண்டும். வளைவு ஒரு பக்கம் இழுக்க, சுழற்சி எதிர்ப் பக்கம். அதனால்தான் அது கடினம். கடைசிக் கணத்தில் பலருக்கு அந்த இடது கால் உள் விளிம்புக்குச் சரிந்துவிடும். அப்படிச் சரிந்தால் அது லுட்ஸ் இல்லை. சுற்றுகளை எண்ணாதீர்கள். பாய்வதற்கு முந்திய அந்தக் கணத்தில் இடது கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள்.