களைத்த வேளையும் வீட்டுச் செலவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இந்த மேடையில் இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் இருக்கின்றனர். இசை வழங்கக் கலைஞர்கள் இருக்கின்றனர். எமக்கு அளிக்கப்பட்ட பொருளோ வீட்டுச் செலவும் அடுப்பங்கரையும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடு எழுதிக் காலந் தள்ளும் எழுத்தருக்கு இதுவே ஏற்ற தலைப்பு என்று சங்கத்தார் கருதினர் போலும். அவர்கள் கருதியது சரியே. சம்பள நாளுக்கும் மாதக் கடைசிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்த்தவர்கள் நாம்.

சிக்கனத்தைப் பற்றிப் பேச எழுவோர் பெரும்பாலும் ஆசையைக் கண்டிப்பார்கள். ஆடம்பரத்தை விடுங்கள், நாவை அடக்குங்கள் என்பார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் இன்று பெங்களூரில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களில் பணம் கரைவதற்கு ஆசை ஒன்றே காரணமன்று. ஆசையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுதான் களைப்பு. இதைச் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

மாலை வேளையை எண்ணிப் பாருங்கள். தாய் வேலைக்குப் போகிறார், தந்தையும் போகிறார். டின் பாக்டரியிலும் சில்க் போர்டிலும் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் கழிகிறது. வீடு வந்து சேரும்போது இரவு எட்டு மணி. பிள்ளை வீட்டுப்பாடத்தோடு காத்திருக்கிறது. அரிசி களைய வேண்டும். காய் நறுக்க வேண்டும். காலையில் போட்ட பாத்திரங்கள் தொட்டியில் கிடக்கின்றன. அந்த நேரத்தில் கை தானாகவே கைப்பேசியை நாடுகிறது. விரலால் நான்கு முறை தொட்டால் அரை மணியில் உணவு வாசலுக்கு வருகிறது. அன்று அந்த வீட்டில் யாருக்கும் பிரியாணி மேல் ஆசையில்லை. அடுப்பருகே நிற்பதற்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டைப் பழிக்க நாம் வரவில்லை. ஸ்விக்கி என்னும் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் இந்நகரத்திலேதான் தோன்றியது. நோயுற்ற நாளில், விருந்தினர் திடீரென வந்த நாளில், இத்தகைய வசதி பேருதவியாக இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் உணவைச் சுமந்து மாடியேறி வரும் இளைஞர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு மதிக்கத்தக்கது. நம் கேள்வி வேறு. இந்தச் செலவை நாம் தீர்மானித்துச் செய்கிறோமா, அல்லது களைப்பு நம்மைக் கொண்டு செய்விக்கிறதா?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நால்வருக்கு உணவு 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டுவதற்கு ஒரு கூலி, கொண்டுவருவதற்கு ஒரு கூலி, இயங்குதளக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து 550 ரூபாய் ஆகிறதென்போம். அதே நால்வருக்குச் சோறும் பருப்பும் கீரையும் வீட்டில் சமைக்க 120 ரூபாய் என்று கொண்டால், வித்தியாசம் 430 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள் களைப்பு வென்றுவிட்டால், மாதத்திற்கு எட்டு முறை, 3,440 ரூபாய். ஆண்டுக்கு 41,280 ரூபாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பெரும் பங்கு இப்படிக் கரைகிறது. ஒரு நாள் செலவாகப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏட்டில் எழுதிக் கூட்டும்போதுதான் தெரிகிறது.

அன்பர்களே! இரயில்வேயில் ஒரு விதி உண்டு. வண்டி ஓட்டுநர் எத்தனை மணி நேரம் பணி செய்யலாம், பிறகு எத்தனை மணி நேரம் ஓய்வு பெற வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பணிநேர, ஓய்வுக்கால விதிகள் என்று அதற்குப் பெயர். ஓட்டுநர் கெட்டிக்காரர்தானே, நல்லவர்தானே என்று எண்ணி விட்டுவிடுவதில்லை. எவ்வளவு கெட்டிக்காரராயினும் களைத்த கண் சமிக்ஞையைத் தவறவிடும் என்பது தெரிந்துதான் விதி செய்தார்கள். வண்டிக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு வீட்டுப் பணப்பைக்கு இல்லை. நாளெல்லாம் உழைத்துச் சோர்ந்த மனத்திடம், இரவு எட்டு மணிக்கு, இன்றைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு செலவு என்ற கேள்வியைக் கொடுக்கிறோம். அது தவறான விடை சொன்னால் குற்றம் யாருடையது?

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு உழவர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வை, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் 2013-இல் ‘சயின்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். கரும்பு வெட்டுவதற்கு முன் கையில் பணமின்றி இருக்கும் காலத்தில் 464 உழவர்களுக்குச் சில அறிவுப் பயிற்சிகளைக் கொடுத்தார்கள். வெட்டிப் பணம் பெற்ற பின்பும் அதே உழவர்களுக்கு அவ்வாறே கொடுத்தார்கள். பணமுடையில் இருந்தபோது தடுமாறியவர்கள், பணம் வந்தபின் திறமையாகச் செய்தனர் என்று அந்த ஆய்வு கூறுகிறது. ஆள் ஒருவரேதான், அவர் அறிவும் மாறிவிடவில்லை, மனத்தின் மேல் இருந்த சுமைதான் மாறியது. ஆகவே மாதக் கடைசியில் தடுமாறும் குடும்பத்தைப் பார்த்து, இவர்களுக்குப் பொறுப்பில்லை என்று ஏசுவது அறியாமை.

திருவள்ளுவர் இதை அறியாதவரல்லர். வருவாய்க்கு மிஞ்சிச் செலவு போகலாகாது என்ற கருத்தை அவர் எந்த அதிகாரத்தில் வைத்தார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில், 478-ஆம் குறளில் வைத்திருக்கிறார். பகைவன் வலியும் தன் வலியும் ஆராயச் சொல்லும் இடத்திலேயே வீட்டு வரவு செலவும் நிற்கிறது. தன் வலிமை எவ்வளவு என்று அறிந்தவனே செலவை ஆள முடியும். அந்த வலிமையில் பணத்தின் வலிமை மட்டுமன்றி உடம்பின் வலிமையும் அடங்கும் என்று நாம் கொள்வது பிழையாகாது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலாவது, தெளிவாக இருக்கும் நேரத்தில் தீர்மானிப்பது. வண்டி நடைமேடையில் வந்து நின்ற பிறகு எவரும் கால அட்டவணை எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், காப்பி குடித்த பிறகு, குடும்பத்தார் எல்லோரும் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஏழு இரவுகளுக்கு என்ன சமையல் என்று ஒரு தாளில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடலாம். அந்தத் தாளைப் பார்த்துக் காய்கறி வாங்கினால் வீணாவது குறையும். 1959-இல் திராட்சை பயிரிடுவோரின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கி வளர்ந்த ஹாப்காம்ஸ் கடைகளை இந்நகரத்தார் அறிவர். எங்கே வாங்கினாலும் சரி. தாளோடு போகிறவர் வாங்குவதும் வெறுங்கையோடு போகிறவர் வாங்குவதும் ஒன்றல்ல.

இரண்டாவது, களைத்த நாளுக்கென்றே ஒரு சமையலை வைத்துக்கொள்வது. வாரத்தில் இரண்டு நாளாவது களைப்பு வரும் என்பது நமக்குத் தெரியும். தெரிந்த விருந்தாளிக்கு ஏற்பாடு செய்யாமல் இருக்கலாமா? இருபது நிமிடத்தில் ஆகக்கூடிய மூன்று உணவுகளுக்கான பொருள் எப்பொழுதும் வீட்டில் இருக்க வேண்டும். பருப்புப் பொடியும் சுட்ட அப்பளமும் ஒன்று. எலுமிச்சம்பழம் பிழிந்த அவல் உப்புமா ஒன்று. அரைத்து வைத்த மாவில் தோசை ஒன்று. மிளகு இரசமும் சுடு சோறும் இருந்தால் அதற்குமேல் என்ன வேண்டும்?

இதில் நமக்கு இடம் கொடுத்த கன்னட நாடும் ஓர் ஆசிரியராக இருக்கிறது. 1809-இல் இங்கே கன்டோன்மென்ட் அமைந்த காலந்தொட்டுத் தமிழர் இந்நகருக்கு வந்துகொண்டிருக்கிறோம். வரும்போது நம் அரிசிச் சோற்றையும் கொண்டுவந்தோம். பக்கத்து வீட்டுக் கேழ்வரகு முத்தேயைப் பலர் ஏழைச் சாப்பாடு என்று எண்ணி ஒதுக்கினோம். ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்கும் இல்லை. கேழ்வரகு பூச்சியரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் தானியம். மண்டியாவை அடுத்த பண்ணையில் இந்திய வகையையும் ஆப்பிரிக்க வகையையும் சேர்த்து ‘இண்டாஃப்’ என்னும் ரகங்களை உண்டாக்கிய இலட்சுமணையா என்னும் அறிஞரை, ‘ராகி இலட்சுமணையா’ என்றே இந்நாட்டு உழவர்கள் போற்றினார்கள். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டிக் கோலால் கிளறினால் கால் மணியில் முத்தே ஆகிறது. நம் ஊர்க் களியும் அதுதானே!

பஸ்ஸாரு என்று ஒன்று செய்கிறார்கள். பருப்பையும் கீரையையும் ஒன்றாக வேகவைத்து நீரை வடிக்கிறார்கள். வடித்த நீரில் மசாலை அரைத்துவிட்டால் சாறு. வெந்த கீரைக்கும் பருப்புக்கும் தேங்காய் தூவித் தாளித்தால் பொரியல். ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், இரண்டு பதார்த்தம். சத்துள்ள நீரும் வீணாவதில்லை. இதைவிடச் சிக்கனத்திற்கு வேறு விளக்கம் தேவையா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குப் பஞ்சம் வந்தபோது இரவை கொண்டு இட்டலி செய்யத் தொடங்கியதாக இந்நகரத்து எம்.டி.ஆர். உணவகத்தார் கூறுவர். முடைக்கு வந்த பண்டம், பிறகு விருப்பத்திற்குரிய பண்டமாகி நிலைத்துவிட்டது.

மூன்றாவதாகச் சொல்லப்போவதே முதன்மையானது. சிக்கனம் யாருடைய முதுகில் ஏறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியில் வாங்காதே, வீட்டிலேயே சமை என்று சொல்வது எளிது. சமைப்பவர் யார்? அவரும் பகலெல்லாம் உழைத்து வந்தவர்தாமே? பணத்தை மிச்சப்படுத்தி ஒருவருடைய உடம்பைச் செலவழிப்பது சிக்கனமாகாது. அது ஒரு கணக்கிலிருந்து எடுத்து மற்றொரு கணக்கில் கடன் எழுதுவதாகும். எங்கள் அலுவலகத்தில் அப்படி எழுதினால் தணிக்கையாளர் விடமாட்டார்.

இன்னொன்றும் உண்டு. பற்றாக்குறை வந்தால் பல வீடுகளில் முதலில் குறைவது தாயின் தட்டு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பதே தாய்மையின் இலக்கணம் என்று போற்றிவிட்டோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, இந்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருப்பதாகக் காட்டிற்று. இதற்குக் காரணங்கள் பலவாயினும், தாய் உண்ணாமல் மீதமாகும் பிடி சோற்றை மிச்சக் கணக்கில் எழுத நமக்கு உரிமையில்லை.

ஆகவே தந்தைமார்களுக்கு ஒரு வேண்டுகோள். காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் ஆண்மைக்கு இழுக்கல்ல. வாரத்தில் இரண்டு இரவுச் சமையலை நாம் ஏற்றுக்கொள்வோம். எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் ஆண்களின் முறை என்று அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறோம். இரசத்தில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். எவரும் பட்டினி கிடந்ததில்லை. பிள்ளைகளுக்கும் பங்கு கொடுங்கள். மார்கழி, தை மாதங்களில் கடைத்தெருவெங்கும் அவரைக்காய் வந்து குவிகிறது. ஊறிய கொட்டையைப் பிதுக்கித் தோல் நீக்குவது ஒருவருக்குப் பெரிய வேலை. நால்வர் கூடி உட்கார்ந்தால் அதுவே பேச்சும் சிரிப்புமாகிவிடும். வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பிதுக்குப் பருப்பின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

1956-இல் அரியலூர் இரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று அமைச்சர் பதவியைத் துறந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அவரே பிரதமராக இருந்த 1965-இல், உணவுத் தட்டுப்பாட்டின்போது, திங்கட்கிழமைதோறும் இரவு உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். அதை முதலில் தம் வீட்டிலேயே நடத்திப் பார்த்தார் என்று சொல்வார்கள். பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவர் சொல்லும் சிக்கனத்தைத்தான் மற்றவர் கேட்பர். வீட்டுத் தலைவருக்கும் அஃது பொருந்தும். தம் வெளிச் செலவுகளைக் குறைக்காதவர் மனைவியிடம் எண்ணெய்க்குக் கணக்குக் கேட்பது முறையன்று.

கடைசியாக ஒரு சொல். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. மாதத்தில் ஒருநாள், முன்கூட்டியே ஒதுக்கிய பணத்தில், குடும்பத்தோடு வெளியில் சென்று உண்ணுங்கள். பிள்ளைகள் கேட்டதை வாங்கிக் கொடுங்கள். தீர்மானித்துச் செய்யும் அந்தச் செலவில் மகிழ்ச்சி இருக்கும். களைப்பில் செய்த செலவில் வயிறு மட்டுமே நிறையும்.

தாய்மார்களே, பெரியோர்களே! பிழைப்புத் தேடி வந்த ஊரில் நம் முன்னோர் வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான். அவர்களுக்கு இருந்த கூட்டுக் குடும்பத்தின் கைகள் இன்று நமக்கில்லை. இருப்பவை இரண்டு பேருடைய நான்கு கைகள். அந்த நான்கும் சேர்ந்து உழைக்கட்டும், சேர்ந்து ஓயட்டும். வீட்டில் யாரும் கடைசியில் உண்ண வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருவோம். ஞாயிற்றுக்கிழமை எழுதும் தாளின் முதல் வரியாக இதை எழுதிக்கொள்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம்மை வாழவைக்கும் கன்னட நாடு!