350 மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் கல்லூரி உண்டு

(ப்ளஸ் டூ தேர்வு முடிவுகளுக்குப் பிறகு நடந்த பெற்றோர் - மாணவர் வழிகாட்டுதல் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வந்ததும் 550-க்கு மேல் எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, போட்டோவை இந்த மடலில் வெளியிடுவோம். நல்ல காரியம்தான். ஆனால் 320, 350, 380 எடுத்த பிள்ளைகளும் அவர்களுடைய அத்தா அம்மாவும் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" என்று அவர்களை நாங்கள் கேட்டதே இல்லை. இன்றைய கூட்டம் அவர்களுக்காக.

கேட்காமல் விட்டதால் என்ன ஆனது என்பதற்கு இரண்டு வீடுகளைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

ஒரு தம்பி 340 எடுத்தார். கணக்கில்தான் மிகக் குறைவு. வீடு தேடி வந்த ஒருவர், "இன்றே அட்வான்ஸ் கட்டினால் இன்ஜினியரிங் சீட் உறுதி" என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தார்கள். மூன்று செமஸ்டரில் ஒன்பது அரியர். இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றது. தம்பி இப்போது செல்போன் கடையில் இருக்கிறார். நகை இன்னும் அடகில் இருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வீட்டில் ஒரு மகள் 365 எடுத்தார். நர்ஸிங் படிக்க ஆசை. சாதிச் சான்றிதழ் கையில் இல்லை. அது வருவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருடம் நிக்காஹ் முடிந்தது.

இந்த இருவருக்கும் அந்த மார்க்கிலேயே நல்ல வழி இருந்தது. நேரத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த வழிகளை இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி, அரசு கலை அறிவியல் கல்லூரி. கோவை அரசு கலைக் கல்லூரி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குப் புலியகுளத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. மேட்டுப்பாளையம், தொண்டாமுத்தூர், உடுமலைப்பேட்டை, திருப்பூர் சிக்கண்ணா, திருப்பூர் எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி என்று சுற்றிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம். வருடச் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் எல்லோரும் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று மட்டும் எழுதுகிறார்கள். போட்டி அங்கேதான் அதிகம். பொருளியல், புவியியல், வரலாறு, தமிழ், கணிதம் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் 350-க்கு வாய்ப்பு கூடும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். கல்லூரி இடங்களில் இருப்பதுபோலவே அரசு வேலையிலும் நமக்கு 3.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இரண்டாவது, பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இது மூன்று வருடப் படிப்பு. ப்ளஸ் டூவில் உரிய பாடப்பிரிவு எடுத்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டே வருடத்தில் டிப்ளமோ வாங்கலாம். டிப்ளமோவை நன்றாக முடித்தவர் கலந்தாய்வு மூலம் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பம்ப், மோட்டார், கிரைண்டர், பவுண்டரி, ஜவுளி இயந்திரம் என்று தொழில் நிறைந்த ஊர் இது. அந்த 340 மார்க் தம்பிக்கு இந்த வழி பொருந்தியிருக்கும்.

மூன்றாவது, ஐ.டி.ஐ. "ஐ.டி.ஐ.யா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவச பஸ் பாஸும் கிடைக்கின்றன. படித்துக்கொண்டே கையில் தொழில் ஏறும்.

நான்காவது, மருத்துவம் சார்ந்த படிப்புகள். பி.எஸ்சி. நர்ஸிங், பி.பார்ம்., லேப் டெக்னாலஜி போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மார்க் அடிப்படையில்தான் கலந்தாய்வு நடக்கிறது. நீட் தேவையில்லை. ஆனால் பெயர்ப் பலகையில் "பாராமெடிக்கல்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். நர்ஸிங் என்றால் நர்ஸிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

இனி இன்ஜினியரிங். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணக்கில் 60, இயற்பியலில் 56, வேதியியலில் 58 எடுத்தவருக்கு 60, 28, 29, ஆக 117. நம் பிரிவினருக்கு இந்தப் பாடங்களில் 40 சதவீதம் இருந்தாலே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி., ஜி.சி.டி. போன்ற கல்லூரிகளில் 117-க்கு இடம் கிடைக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மற்ற கல்லூரிகளில் கிடைக்கும். ஆனால் சேருவது வேறு, முடிப்பது வேறு. பிள்ளைக்குக் கணக்கு பிடிக்குமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பிடிக்கும் என்றால் கலந்தாய்வு வழியாகவே போங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரி சலுகை உண்டு. அந்தச் சலுகை கலந்தாய்வில் வருபவருக்குத்தான். புரோக்கர் மூலம் மேனேஜ்மென்ட் சீட் வாங்கினால் அது போய்விடும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக 7.5 சதவீத இடமும் இருக்கிறது. அதில் சேருபவருக்குப் படிப்புக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

மாதச் செலவுக்கும் உதவி உண்டு. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கி வைத்ததே நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் இது கிடைக்கும்.

இப்போது காகிதங்கள். நம் வீடுகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். 2007-இல் வந்த 3.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்க "பி.சி. முஸ்லிம்" என்று தெளிவாக எழுதிய சான்றிதழ் வேண்டும். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, துதேகுலா, அன்சர், மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழ்களுக்கும் இ-சேவை மையத்தில் நாளைக்கே விண்ணப்பியுங்கள். பாலக்காட்டுப் பக்கமோ வளைகுடாவிலோ படித்து வந்த பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழும் தேவைப்படும்.

இன்னொன்று, பெயர். ஆதாரில் ஒரு "முஹம்மது", டி.சி.யில் வேறு "முகமது". ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு ஸ்பெல்லிங், இனிஷியல் முன்னே பின்னே. இதனாலேயே உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இன்று இரவே எல்லாக் காகிதங்களையும் பாயில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் முடிவு எடுக்காமல் எந்தக் கல்லூரியிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அத்தாமார்களுக்கு ஒரு வார்த்தை. "கடையில் ஆள் இல்லை, பையன் வரட்டும்" என்று சொல்லும் நிலைமை எங்களுக்கும் புரிகிறது. சில அரசுக் கல்லூரிகளில் மதியத்துக்கு மேல் இரண்டாம் சுழற்சி வகுப்பு நடக்கிறது. காலையில் கடை, மதியம் கல்லூரி என்று பிள்ளை சமாளிப்பான். அதுவும் முடியாது என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அம்மாமார்களே, மகளுக்கு நல்ல இடம் வந்தால் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிப்பு முடியட்டும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே வையுங்கள்.

நாங்கள் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறோம். சேர்க்கை முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு இரண்டு பேர் இருப்பார்கள். விண்ணப்பம் போட்டுத் தருவார்கள், சென்ற வருடம் எந்த இடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் எதுவும் இல்லை. முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு வழியில்லாத வீடு, வட்டிக்கடைப் படி ஏறுவதற்கு முன்பு எங்களிடம் வரட்டும். எல்லோருக்கும் முழுத்தொகை தர எங்களிடம் இல்லை. இருப்பதைப் பகிர்ந்து தருவோம், மீதிக்கு ஆள் தேடுவோம்.

அடுத்த வருடம் இதே மேடையில், 350 எடுத்துக் கல்லூரியில் சேர்ந்து முதல் வருடத்தை அரியர் இல்லாமல் முடித்த பிள்ளைகளுக்கும் சால்வை போடுவோம், இன்ஷா அல்லாஹ். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.