அடுத்த வீட்டாரின் மௌனம்



மனைவியைக் கணவன் அடிக்கும் ஓசை அடுத்த வீட்டாருக்குக் கேளாமற் போவதில்லை. கேட்டும், "அது அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கேன் வம்பு?" என்று வாளாவிருந்துவிடுகின்றனர். அம்மௌனத்தை அடிப்பவன் அனுமதியாகக் கொள்கின்றான். அடிபடுபவளோ தனக்கு எவருமில்லை என்று தெளிந்துவிடுகின்றாள். ஊரார் மௌனம் கலைந்தால் வன்முறை குறையுமா?

உகண்டாவின் தலைநகராகிய கம்பாலாவில் இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியொன்று நடைபெற்றது. "சாசா" என்பது அதன் பெயர். சுவாகிலி மொழியில் "இப்பொழுது" என்பது அச்சொல்லின் பொருள். அம்முயற்சியை மக்களிடையே கொண்டு சென்றவர்கள் வெளியூர் அறிஞர்கள் அல்லர். அந்தந்தக் குடியிருப்பில் வாழ்ந்த சாதாரண ஆண்களும் பெண்களுமே. வீட்டு வாயில்களில் உரையாடினர். சிறு நாடகங்கள் நடித்தனர். சித்திரங்களைக் காட்டி விவாதித்தனர். உள்ளூர்த் தலைவர்கள், பொலிசார், சுகாதார ஊழியர் ஆகியோரும் இதிற் சேர்க்கப்பட்டனர்.

அவர்கள் எவரையும் குற்றஞ்சாட்டித் தொடங்கவில்லை. "உம்மிடமுள்ள அதிகாரத்தை நீர் எவ்வாறு பயன்படுத்துகின்றீர்?" என்பதே அவர்கள் எழுப்பிய வினா. குற்றச்சாட்டுக்கு மனிதன் கதவை அடைப்பான். வினாவுக்கோ சிந்திக்கத் தலைப்படுவான்.

2007ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை எட்டுப் பகுதிகளில் இதன் பயன் ஆராயப்பட்டது. நான்கில் இப்பணி நடைபெற்றது. ஏனைய நான்கு ஒப்புநோக்குவதற்காக விடப்பட்டன. பணி நடந்த பகுதிகளில், முந்திய ஓராண்டில் துணைவரால் அடிபட்ட பெண்களின் விகிதம் மற்றப் பகுதிகளில் இருந்ததில் ஏறக்குறையப் பாதியாகவே காணப்பட்டது. பகுதிகள் சிலவேயாதலால் இவ்வெண்ணை மிகைப்படுத்தல் தகாது. எனினும், இத்தகைய வன்முறை ஏற்கத்தக்கது என்னும் எண்ணம் பெண்களிடையே குறைந்திருந்தமை தெளிவாகப் புலப்பட்டது.

நம் இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. அதன்படி நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். ஆயினும், அச்சத்தால் வாயடைத்திருப்பவளை அச்சட்டத்தின் வாயில்வரை துணைநின்று அழைத்துச் செல்பவர் யார்?

அயலவரே அத்துணை. ஓசை கேட்டால், ஏதேனுமொரு காரணம் சொல்லிக் கதவைத் தட்டலாம்; ஆபத்தெனத் தோன்றின் பொலிசாரை அழைக்கலாம். மறுநாள் அவளைத் தனியே கண்டு, "உமக்கு என்ன உதவி வேண்டும்?" என்று வினவி, அவள் விருப்பப்படி நடக்கலாம். 1938 என்னும் மகளிர் உதவித் தொலைபேசி இலக்கத்தையும் அறிவிக்கலாம். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. பிறர் துயரைத் தம் ஊரின் துயராகக் கருதும் மனமே வேண்டும்.