பில்லை விவரமாகக் கொடு!

(ஆலங்காயத்தில் தோல் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் சேர்ந்து படிக்கப் போவது ஒரு காகிதம். நாலு பக்கம். ஒரு தனியார் ஆஸ்பத்திரி கொடுத்த பில். நம் தோழர் ஒருவரின் மனைவி மடியில் சுருட்டி வைத்து இங்கே கொண்டு வந்திருக்கிறார். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் படிக்கிறோம்.

விஷயம் இதுதான். தோல் ஷாப்பில் இரவு ஷிப்டில் தோழரின் வலது கை மெஷினில் சிக்கியது. மேனேஜர் ஓடி வந்தார். தன் காரிலேயே ஏற்றினார். “சர்க்கார் ஆஸ்பத்திரி வேண்டாம், இ.எஸ்.ஐ.யும் வேண்டாம், அங்கே காகித வேலை அதிகம், நல்ல இடத்தில் காட்டலாம்” என்றார். பத்தாயிரம் ரூபாய் முன்பணமும் கட்டினார். “தெய்வம் மாதிரி மனுஷன்” என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தத் தெய்வத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

ஆபரேஷனுக்கு முன்பு, “எவ்வளவு ஆகும்?” என்று கேட்டதற்கு, “முப்பதாயிரத்துக்குள் முடியும்” என்று பதில் வந்தது. வாய்ப்பேச்சுதான், எழுத்தில் ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று பில் வந்தது: 86,400 ரூபாய்.

வரிவரியாகப் பார்ப்போம். ரூம் வாடகை 5 நாளுக்கு 10,000. ஆபரேஷனும் தியேட்டரும் 24,000. மயக்க மருந்து டாக்டருக்குத் தனியாக 6,000. டெஸ்டுகள் 6,900. மருந்து 27,300. இதுவரை சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் நர்ஸ் சார்ஜ் 3,000, டூட்டி டாக்டர் சார்ஜ் 4,000. ரூம் வாடகை வாங்கினானே, நர்ஸ் இல்லாத ரூமுக்கு லாட்ஜ் என்றல்லவா பெயர்? கடைசி வரி, “இதர செலவுகள்” 5,200. இதர என்றால் எது? அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

தோழரைச் சேர்த்தது இரவு பதினொரு மணிக்கு. பன்னிரண்டு அடித்ததும் மறுநாள் பிறந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு முழு நாள் வாடகை, ஒரு நாள் நர்ஸ், ஒரு நாள் டூட்டி டாக்டர்! தோல் ஷாப்பில் நாம் அரைமணி தாமதமாய்ப் போனால் அரைநாள் சம்பளம் போகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மணி முன்னதாய்ப் போனால் ஒரு நாள் வாடகை போகிறது. கடிகாரமே நமக்கு எதிரியாகி விட்டது.

மருந்துக் கணக்கில் கையுறை 140 ஜோடி. நாளுக்கு 28 ஜோடி. ஒரு கைக்கு வைத்தியம் பார்க்க இத்தனை கை வந்து போனதா?

இது ஏதோ ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு டில்லிக்குப் பக்கத்தில் குர்காவ்னில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெங்கு காய்ச்சலுக்காகச் சேர்த்த ஏழு வயதுச் சிறுமி இறந்து போனாள். தகப்பனார் கைக்கு வந்த பில் சுமார் 16 லட்சம் ரூபாய். அதில் 660 சிரிஞ்சு இருந்தது. நாடே கொதித்தது. அதன் பிறகு மத்திய சர்க்காரின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் டில்லி வட்டாரத்தில் நாலு பெரிய ஆஸ்பத்திரிகளின் பில்களை வாங்கிக் கணக்குப் பார்த்து, 2018 பிப்ரவரியில் வெளியிட்டது.

அதிலிருந்து இரண்டே உதாரணம். குளுக்கோஸ் டியூபை மூன்று வழியாய்த் திருப்பும் சின்ன பிளாஸ்டிக் வால்வு. ஆஸ்பத்திரி வாங்கியது 5 ரூபாய் 77 காசுக்கு. நோயாளியிடம் வாங்கியது 106 ரூபாய். ரத்த அழுத்தம் விழும்போது போடும் ஓர் ஊசி மருந்து, கொள்முதல் 14 ரூபாய் 70 காசு. பெட்டியில் அச்சடித்த விலை 189 ரூபாய் 95 காசு. முதலாவதில் லாபம் நூற்றுக்கு 1,737. கந்துவட்டிக்காரன்கூட இந்தக் கணக்கைக் கேட்டால் வெட்கப்படுவான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கவனமாய்க் கேளுங்கள். அச்சடித்த விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கினால்தான் சட்டப்படி குற்றம். அப்படி வாங்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. மொத்தமாய் வாங்குகிற ஆஸ்பத்திரிக்காகவே கம்பெனிகள் அட்டையில் விலையை உயர்த்தி அச்சடிக்கின்றன என்று அந்த ஆணையமே சொல்லிற்று. சாதாரணக் கடையில் விலை குறைந்தவன் ஜெயிக்கிறான். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் விலை கூடிய சரக்கு ஜெயிக்கிறது. ஏனென்றால் வாங்குகிறவன் கட்டிலில் படுத்திருக்கிறான், தேர்ந்தெடுக்கிறவன் வேறொருவன். பில் மோசடி கேஷ் கவுண்டரில் ஆரம்பமாகவில்லை, அட்டைப் பெட்டி அச்சடிக்கும் இடத்திலேயே ஆரம்பமாகி விடுகிறது.

“எங்கள் கடையிலேயே மருந்து வாங்கு” என்று கட்டாயப்படுத்துவதை நிறுத்தச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு நடந்தது. 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. கோர்ட் நேரடியாக உத்தரவு போடவில்லை. கொள்கை வகுக்க வேண்டியது மாநில சர்க்கார்களின் பொறுப்பு என்று அவர்கள் பக்கம் தள்ளிவிட்டது.

சர்க்கார் நினைத்தால் முடியாதா? முடியும். இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றது. டில்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, அது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்து, 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு உச்ச விலை 29,600 ரூபாய் என்று உத்தரவு வந்தது. ஒரே ராத்திரியில் விலை இறங்கிற்று. எந்த ஆஸ்பத்திரியும் இழுத்து மூடப்படவில்லை. கொரோனா காலத்தில், 2020 ஜூனில், தமிழ்நாடு சர்க்கார் தனியார் ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு நாளைக்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. எல்லோரும் அதை மதித்தார்களா என்பது வேறு கதை. வரம்பு கட்டும் அதிகாரம் உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சீமையில் எல்லாம் சீராக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். பணக்கார தேசமான அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஜனங்கள் மாதாமாதம் இன்ஷூரன்ஸ் கட்டுகிறார்கள். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொண்ட ஆஸ்பத்திரியை விசாரித்து, அங்கேயே போய்ப் படுக்கிறார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் பட்டியலில் இருப்பார்; மயக்க மருந்து கொடுத்தவர் பட்டியலில் இருக்க மாட்டார். சில வாரம் கழித்து அவர் பெயரில் தனி பில் தபாலில் வரும், ஆயிரக்கணக்கான டாலருக்கு. மயங்கிக் கிடப்பவன் எழுந்து, “ஐயா, நீங்கள் எந்தப் பட்டியல்?” என்று கேட்க முடியுமா? மக்கள் கூச்சல் போட்டுப் போட்டு, 2020 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலாயிற்று. அதிலும் சாலை ஆம்புலன்ஸை விட்டுவிட்டார்கள். இங்கே நம் 108 வண்டிக்குக் காசு இல்லை என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறோம். ராத்திரியில் பதறிப்போய், யாரோ சொன்ன தனியார் வண்டியில் ஏறாதீர்கள். எந்த ஆஸ்பத்திரியில் இறக்கினால் எவ்வளவு கமிஷன் என்ற கணக்கோடு ஓடும் வண்டிகளும் உண்டு.

சரி, நம் தோழர் பில்லுக்கு வருவோம். “பணம் கட்டினால்தான் அனுப்புவோம்” என்று வார்டில் நிறுத்தி வைத்தார்கள். அந்த அம்மா கம்மலையும் மூக்குத்தியையும் அடகு வைத்தார். தோழரின் தம்பி வட்டிக்கு வாங்கினான். அப்புறம்தான் எங்களுக்குச் செய்தி வந்தது. நாங்கள் நாலு பேர் போனோம்.

கூச்சல் போடவில்லை. கவுண்டரில் இருந்த பெண்ணும் சம்பளத்துக்கு உழைக்கிறவள்தானே. அவளிடம் கோபப்பட்டு என்ன பயன்? “ஏம்மா, ஒவ்வொரு மருந்துக்கும் தேதி, எண்ணிக்கை, விலை போட்டு விவரமான பில் கொடு” என்றோம். “அப்படிக் கொடுக்கும் வழக்கம் இல்லை அண்ணே” என்றாள். நோயாளிகளின் உரிமைப் பட்டியலை எடுத்து நீட்டினோம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. கட்டண விவரம் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. மருந்தையும் டெஸ்டையும் வேண்டிய இடத்தில் வாங்க, எடுக்க உரிமை உண்டு. பணத் தகராறைச் சாக்காக வைத்து நோயாளியையோ, பிணத்தையோ பிடித்து வைக்கக் கூடாது. டாக்டர்களுக்கென்று 2002-இல் போட்ட நடத்தை விதிகளிலும், வைத்தியம் ஆரம்பிக்கும் முன்பே கட்டணத்தைச் சொல்லிவிட வேண்டும், பாதியில் சொல்லக் கூடாது என்று இருக்கிறது. கமிஷன் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது.

இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தோம். விவரமான பில் வந்தது. வார்டில் மீந்து, நர்ஸிடம் திருப்பிக் கொடுத்த மருந்து 3,100 ரூபாய்க்குக் கழிக்கப்படாமலே இருந்தது. அந்த ஒரு மணி நேரத்து ‘நாள்’ வாடகை 2,000, அதோடு ஒட்டிய நர்ஸ், டூட்டி டாக்டர் 1,400, கையுறையில் 3,000, யாராலும் விளக்க முடியாத ‘இதர’ 5,200. ஆக 14,700 ரூபாய் குறைந்தது. மிச்சம் 71,700. பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டோம். மருந்துப் பெட்டியில் அச்சடித்திருந்த விலையை எங்களால் தொட முடியவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் அந்த 14,700-உம் போயிருக்கும், அவ்வளவுதான்.

கேட்டும் கொடுக்காவிட்டால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனுக் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். காசு வாங்கிப் பார்க்கும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லைத் தொலைத்துவிட்டால் வழக்கும் தொலைந்தது.

“கழனி வேலைக்குப் போகிற எங்களுக்கு இ.எஸ்.ஐ. ஏது?” என்று பின்னால் ஒரு தாயார் கேட்கிறார். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீஸிலுள்ள மையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். காயலா வந்த பிறகு அலையாதீர்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அது செல்லாது. எல்லா வைத்தியத்துக்கும் செல்லாது. சேர்க்கும் அன்றே கார்டைக் காட்டிக் கேட்க வேண்டும். கார்டில் சேர்த்துக்கொண்டு, “மேல் செலவுக்குக் கொஞ்சம் கட்டு” என்று கை நீட்டினால் 1800 425 3993 என்ற இலவச நம்பருக்குச் சொல்லுங்கள். ரோட்டு விபத்து என்றால், 2021 டிசம்பரில் ஆரம்பித்த திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கேட்கக் கூடாது.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வரிசை நீளம், கூட்டம், எரிச்சல் எல்லாம் நமக்குத் தெரியும். ராத்திரியில் டாக்டர் இல்லாமல் திரும்பி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆனாலும் 2017-18-இல் மத்திய சர்க்காரே எடுத்த கணக்கைச் சொல்கிறோம்: ஒரு தடவை படுத்து எழுந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சராசரி செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845. தமிழ்நாட்டில் 1994-இல் அமைத்த மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாய் டெண்டர் விட்டு மருந்து வாங்கி சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. அங்கே அட்டைப் பெட்டி விலை நம் தலையில் விழுவதில்லை. ராத்திரி டாக்டர் வேண்டும் என்று கேட்டு நாம் சண்டை போட வேண்டிய இடம் அதுதான்.

இப்போது அந்த மேனேஜர் தெய்வத்திடம் வருவோம். மறுமாதம் சம்பளச் சீட்டைப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் கட்டிய பத்தாயிரம், ‘அட்வான்ஸ்’ என்று பிடித்தம்! வேலை செய்யும்போது மெஷினில் கை போனது. இ.எஸ்.ஐ.யில் சேர்த்திருந்தால் வைத்தியம் முழுக்க இலவசம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு, தினக்கூலியில் நூற்றுக்குத் தொண்ணூறு கிடைக்கும். 1948-இல் வந்த சட்டம், 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டு போய்விட்டார்கள், உரிமை உரிமைதான். தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய். தோழரின் சீட்டில் முக்கால் ரூபாய் பிடித்தம் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் நம்பர் இல்லை! காண்ட்ராக்டர் பிடித்தான், கட்டவில்லை. அதனால்தான் “காகித வேலை அதிகம்” என்று காரைத் திருப்பினார்கள். விபத்து அறிக்கை எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பிரதான முதலாளி கட்ட வேண்டும். யாருமே கட்டாவிட்டாலும், தொழிலாளிக்கு உரியதைக் கார்ப்பரேஷன் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூல் செய்யலாம். சங்கத்தின் பெயரால் போய் நின்ற பிறகு, பத்தொன்பதாவது நாள்தான் விபத்து அறிக்கை எழுதினார்கள். பத்தாயிரம் பிடித்தத்தையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், பதில் வரவில்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்கள் ஒவ்வொருவரும் இன்று ராத்திரி வீட்டில் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிடித்தம் இருக்கிறதா, நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டோடு சங்க ஆபீஸுக்கு வாருங்கள். கம்பெனி பஸ்ஸில் போகும் ஷூ கம்பெனிப் பெண்களுக்கும் சொல்லுங்கள்.

இந்த நாலு பக்கத்தை இதற்கு மேல் நாங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. அம்மா, இந்தாருங்கள், பில்லும் விபத்து அறிக்கையின் நகலும். நாளைக் காலை முதல் வாணியம்பாடி பஸ்ஸில் கிளம்பி, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் முத்திரை போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். எங்களில் இரண்டு பேர் கூட வருகிறோம்.